ஆமைத் தீவுக்கு வரும் சரக்குக் கப்பல்

போர்ட்டோ அயோரா என்ற ஊரில் கடலை ஒட்டி ஒரு சின்ன மீன் சந்தை இருக்கிறது. அறுக்க நான்கைந்து மேடை, மேலே ஒரு கூரை, அவ்வளவுதான். படகு வந்து மீன் இறங்கியதும் ஒரு கடற்சிங்கம் ஈர உடம்போடு தத்தித் தத்தி வந்து, மேடை விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். மீன் அறுப்பவர் குடலையும் தலையையும் எப்போது ஒதுக்குவார் என்பதிலேயே அதற்குக் கண். பின்னால் கூழைக்கடாக்கள் அலகை நீட்டிக்கொண்டு முட்டி மோதும். யாரும் விரட்டுவதில்லை. மீன் வாங்க வந்தவர்கள் அவற்றுக்கு நடுவே கையை விட்டுப் பையை வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் அங்கே போனதில்லை. படங்களிலும் காணொளிகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் ஒகேனக்கல் ஞாபகம்தான் வரும். நம்மூரிலும் ஆற்றோரம் மீனை வாங்கிக் கொடுத்தால், அங்கேயே அடுப்பு மூட்டிக் குழம்பும் வறுவலுமாகச் செய்து தரும் அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றிக் குரங்குகள். சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, அதைப் பல்லால் கிழிக்கிற குரங்கைப் பார்க்காமல் ஒகேனக்கல்லிலிருந்து திரும்பியவர் யாரும் இருக்க முடியாது.

போர்ட்டோ அயோரா இருப்பது கலாபகஸ் தீவுக் கூட்டத்தில். தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலின் நடுவே. ராட்சத ஆமை, கடலில் மூழ்கிப் பாசி தின்னும் ஓணான், பறக்கவே தெரியாத நீர்க்காகம் என்று வேறெங்கும் இல்லாத உயிர்கள் நிறைந்த இடம். 1835-ல் சார்லஸ் டார்வின் ஐந்து வாரம் இங்கே சுற்றினார் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் அங்கே ஊர் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. தொலைக்காட்சிப் படங்களிலும் ஆமை வரும், எரிமலை வரும், மளிகைக் கடை வராது. எனக்கென்னவோ அந்தத் தீவுகளின் பாதிக் கதை மளிகைக் கடையில்தான் இருக்கிறது.

டார்வின் போனபோதே அங்கே மனிதர்கள் இருந்தார்கள். 1832-ல் ஈக்வடார் இந்தத் தீவுகளைத் தனதாக்கிக்கொண்டு, ஃபுளோரியானா தீவில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கியது. அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்ட அரசியல் கைதிகள். அதற்கும் முன்னால் கடற்கொள்ளையரும் திமிங்கல வேட்டைக் கப்பல்களும் வந்து போயின. ஆமையைக் கப்பலின் அடித்தளத்தில் போட்டால் தண்ணீர், தீனி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், மாலுமிகளுக்கு அது கெட்டுப்போகாத இறைச்சி. அப்படி ஏற்றிப் போனது பல்லாயிரம். இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்திருக்கும் என்று மதிப்பிடப்படும் ஆமைகள் 1970-களில் 15,000 அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஃபுளோரியானாவின் சொந்த ஆமை இனம், டார்வின் வந்து போன சில பத்தாண்டுகளிலேயே அந்தத் தீவிலிருந்து மறைந்துபோனது.

1959-ல் ஈக்வடார் அரசு தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. குடியேற்றம் இருந்த இடங்களை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் பூங்காவாக்கினார்கள். கணக்குப்படி நிலத்தில் 97 விழுக்காடு பூங்கா, 3 விழுக்காடு ஊரும் தோட்டமும். 1978-ல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த 12 உலகப் பாரம்பரிய இடங்களில் கலாபகஸும் ஒன்று.

97-க்கு 3 என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நம் காட்டில் எங்கே அப்படி இருக்கிறது என்று ஏக்கம்கூட வரும். பூங்காவுக்குள் அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கும் பெரிது. பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய வழிகாட்டி இல்லாமல் பூங்காவின் பெரும்பாலான இடங்களில் கால் வைக்க முடியாது. குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தொடக்க காலத்தில் வந்த பயணிகளில் பெரும்பாலோர் படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, பகலில் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அளவில் பார்த்தால் பயணியின் செருப்பு தீவைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

கெடுத்தது அந்த 3 விழுக்காட்டின் வழியே வந்தது.

1950-ல் தீவுகள் எல்லாவற்றிலும் சேர்த்து சுமார் 1,300 பேர்தான் இருந்தார்கள். 1990-ல் அது 10,000-ஐ நெருங்கியது. அடுத்த பதினோரு ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்காகி 18,600. 2022 கணக்கெடுப்பில் 28,500-க்கும் மேல். தருமபுரி நகரத்தின் பாதிகூட வராது, இதற்கா இவ்வளவு கவலை என்று தோன்றலாம். பயணிகளின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1970-களின் கடைசியில் ஆண்டுக்கு சுமார் 12,000 பேர் வந்தார்கள். 1990-ல் 41,000. 2023-ல் 3,29,000. இப்போது வருகிறவர்களில் பாதிக்கும் மேல் படகில் தங்குவதில்லை, கரையில் அறை எடுக்கிறார்கள். படகுகளுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. கரையில் விடுதி கட்டுவதற்கு அந்த அளவுக்குக் கடிவாளம் இல்லை. அதனால் வளர்ச்சி எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

விடுதி வந்தால் கட்டட வேலைக்கு ஆள் வேண்டும். கொத்தனாருக்குச் சோறு வேண்டும். அப்புறம் அவர் மனைவியும் பிள்ளைகளும் வருவார்கள், பள்ளிக்கூடம் வேண்டும். கம்பி, சிமெண்ட், எரிவாயு, முட்டை, வெங்காயம், டீசல், குளிர்ந்த பீர், பயணி கேட்கும் ஆப்பிள் என்று எல்லாமே ஈக்வடாரின் குவாயாகில் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பலில் வருகின்றன, அவசரமானவை விமானத்தில். தீவின் மேட்டு நிலங்களில் முன்பு விவசாயம் செய்துகொண்டிருந்த குடும்பங்கள், சுற்றுலாவில் காசு அதிகம் என்று கடற்கரை ஊருக்கு இறங்கிவிட்டன. தோட்டம் தரிசானது. தரிசில் முள்செடி ஏறியது. சாப்பாட்டுக்குக் கப்பலை இன்னும் அதிகமாக நம்ப வேண்டியதாயிற்று. கப்பல் அதிகம் வர வர, மூட்டைக்குள் ஒளிந்து வரும் விருந்தாளிகளும் அதிகமானார்கள்.

இந்த விருந்தாளிகள்தான் கலாபகஸின் நோய். எறும்பு, குளவி, எலி, விதை, பூஞ்சை என்று மனிதர்கள் மூலமாக வெளியிலிருந்து வந்து சேர்ந்த உயிரினங்கள் சுமார் 1,500. வெளியிலிருந்து வந்த செடி கொடி வகைகள் அந்த மண்ணுக்கே உரிய வகைகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டன. ஆயிரம் கி.மீ. கடல் பல லட்சம் ஆண்டுகளாகக் காவல் காத்த கோட்டை அது. அங்கே வளர்ந்த உயிர்களுக்கு எதிரி என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் கடற்சிங்கம் மனிதனின் முழங்காலுக்குப் பக்கத்தில் பயமில்லாமல் நிற்பதும், அங்கத்திய குருவிக் குஞ்சு ஒரு புது ஈயிடம் தப்பத் தெரியாமல் சாவதும் ஒரே காரணத்தால்தான்.

அந்த ஈயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்க வீட்டு ஈ மாதிரிதான் இருக்கும். குருவிக் கூட்டில் முட்டையிடும். பொரிந்து வரும் புழுக்கள் பகலில் கூட்டின் அடியில் பதுங்கியிருந்து, இரவில் மேலே ஏறி, இறகு முளைக்காத குஞ்சுகளின் ரத்தத்தைக் குடிக்கும். மூக்குத் துளைக்குள்ளும் நுழையும். பிழைத்த குஞ்சுகள் பலவற்றுக்கு அலகு உருக்குலைந்துபோகிறது. டார்வினின் பெயரால் உலகம் அறிந்த ஃபிஞ்ச் குருவிகளில் சதுப்புநில ஃபிஞ்ச் என்ற இனம் இன்று சுமார் 100 மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதன் முக்கிய எதிரிகளில் ஒன்று இந்த ஈ. இதை யாரும் வேண்டுமென்று கொண்டுவரவில்லை.

வேண்டுமென்றே கொண்டுவந்தவையும் உண்டு. 1959-ல் பின்டா என்ற ஆளில்லாத தீவில் மீனவர்கள் மூன்று ஆடுகளை விட்டுப் போனார்கள், அடுத்த முறை வரும்போது கறிக்கு ஆகும் என்று. 1970-களில் அது பல்லாயிரம் ஆடாகி, தீவின் பச்சையை மொட்டையடித்துவிட்டது. அதே பின்டாவில் 1971-ல் ஒற்றை ஆண் ஆமை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தனிமை ஜார்ஜ் என்று உலகமே அழைத்த அந்த ஆமைக்குக் கடைசிவரை இணை கிடைக்கவில்லை. 2012 ஜூன் 24 அன்று அது இறந்தபோது ஓர் இனமே முடிந்தது. மூன்று ஆடு என்பது நம்மூரில் ஒரு பாட்டி மேய்க்கும் கணக்கு. அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த ஆடுகளை ஒழிக்க அவர்கள் பட்ட பாடும் சின்னதல்ல. பெரிய தீவான இசபெல்லாவின் வடபகுதி உட்படப் பல இடங்களில் 1997 முதல் 2006 வரை ஹெலிகாப்டரில் பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டார்கள். கடைசியில் ஒளிந்திருக்கும் ஆடுகளைக் கண்டுபிடிக்க, சில ஆடுகளின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டார்கள். ஆடு தனியாக இருக்காதல்லவா? தன் இனத்தைத் தேடிப் போய்ச் சேரும். பின்னாலேயே துப்பாக்கியும் போகும். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதன் பிறகு அங்கே செடிகள் மீண்டும் தழைத்தன.

கொய்யாவின் கதை இன்னும் சிக்கல். யாரோ சாப்பிட நட்ட கொய்யா மேட்டு நிலமெங்கும் காடாகப் பரவிவிட்டது. பரப்புகிறவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? ராட்சத ஆமைதான். பழத்தை ஆசையாகத் தின்று, நடந்து போகிற வழியெல்லாம் எருவோடு விதை போட்டுக்கொண்டே போகிறது. காக்க வேண்டிய உயிரே களையைப் பரப்பினால் யாரைக் குற்றம் சொல்வது?

ஈக்வடார் அரசு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1998-ல் கலாபகஸுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஈக்வடார் குடிமகனாகவே இருந்தாலும் நினைத்தபோது போய் அங்கே குடியேற முடியாது. ஏற்கனவே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. வேலைக்கு வருபவருக்குத் தற்காலிக அனுமதி. வேலை முடிந்தால் திரும்பிவிட வேண்டும். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாகித் திருப்பி அனுப்பப்படலாம். விமானம் ஏறும் முன்பே பெட்டியைச் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். பழம், விதை, மண் எதுவும் போகக் கூடாது. அதே ஆண்டில் சுற்றியுள்ள கடலும் பாதுகாப்பு எல்லைக்குள் வந்தது. அப்படியிருந்தும் 2007-ல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. காரணமாகச் சொன்னது மூன்று: வெளி உயிரினங்கள், கட்டுமீறிய சுற்றுலா, அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு. 2010-ல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

மீன்பிடிப்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 1990-களில் ஆசியச் சந்தையில் கடல் அட்டைக்கு நல்ல விலை கிடைத்தது. பெருநிலத்திலிருந்து ஆட்கள் திரண்டு வந்தார்கள். அரசு தடை போட்டது. 1995-ல் மீனவர்கள் சாந்தா குரூஸ் தீவிலுள்ள டார்வின் ஆராய்ச்சி நிலையத்தை முற்றுகையிட்டு, ஆமைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். அவர்களை வில்லன்களாக எழுதிவிடுவது சுலபம். பிழைப்பு பறிபோகிறது என்று பயந்த மனிதன், வெளிநாட்டுக்காரர் கொண்டாடும் ஆமை தன் பிள்ளையைவிடப் பெரிதா என்று கேட்கிறான். வெளியிலிருந்து வந்து சட்டம் போட்டால் அந்தக் கேள்வி எங்கேயும் வரும். இன்று அங்கே வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் இருப்பவர்களில் பலர் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆமை இருந்தால்தான் தன் வீட்டில் அடுப்பு எரியும் என்று அவர்களுக்குத் தெரியும். 1998 சட்டத்தில் எனக்குப் பிடித்ததும் இதுதான். பயணி கட்டும் நுழைவுக் கட்டணத்தின் பெரும்பகுதி தலைநகருக்குப் போகாமல் பூங்காவுக்கும் உள்ளூர் நிர்வாகங்களுக்கும் பிரிந்தது. அந்தக் கட்டணத்தை 2024 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கு 100 டாலரிலிருந்து 200 டாலராக ஆக்கினார்கள். 1998-க்குப் பிறகு அதுதான் முதல் உயர்வு.

இவ்வளவு காசு புழங்கும் போர்ட்டோ அயோராவில் குழாயைத் திறந்தால் வருவது உப்புத் தண்ணீர். எரிமலைப் பாறை வெடிப்புகளிலிருந்து இறைப்பது. கடல்நீரும் கழிவுநீரும் கலந்தது. குடிப்பதற்குச் சுத்திகரித்த தண்ணீரை கேனில் வாங்குகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் மாவட்டத்துக் குழந்தைகளின் பல்தான் நினைவுக்கு வந்தது. ஃபுளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல் காவியேறி, எலும்பு வளைந்த தலைமுறைகள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வரும்வரை, காவிரி பக்கத்திலேயே ஓடியும் நமக்குக் குடிக்க அந்தத் தண்ணீர்தான். சுற்றுலாத் தலத்தின் அழகு ஒரு கணக்கு, அங்கே வாழ்கிறவரின் குடம் வேறொரு கணக்கு.

சரி, ஒகேனக்கல் தீவில்லை. ஆனால் பென்னாகரம் தாண்டி 16 கி.மீ. காட்டுக்குள் இறங்கும் அந்தச் சாலை, நம் சரக்குக் கப்பல் வரும் வழிதான். வலதும் இடதும் யானை நடமாடும் காடு. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் வந்தது, காவிரி தெற்கு 2022-ல். இரண்டும் சேர்த்து சுமார் 1,190 சதுர கி.மீ. அந்தக் காவிரியில் முதலை, நீர்நாய், மென்னோட்டு ஆமை. கரையோர மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில். உலகத்தில் மிகச் சில இடங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கும் அணில் அது. அருவிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் தலையைத் தூக்கிப் பார்க்கிறோம்?

சின்ன வயதில் ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு போவோம். சோறு கட்டிக்கொண்டு போய், எண்ணெய் தேய்த்துக் குளித்து, வாழையிலையில் சாப்பிட்டு, இலையை மாட்டுக்குப் போட்டுவிட்டு வருவோம். நாங்கள் விட்டு வந்தது அவ்வளவுதான். இன்றைக்குப் போனால் அதே பாறை இடுக்கில் ஷாம்பு உறை, எண்ணெய் பாட்டில், தெர்மாகோல் தட்டு. ஆற்றில் தண்ணீர் ஏறினால் எல்லாம் கிளம்பி நேரே மேட்டூர் அணைக்குப் போகிறது. குளித்தவர் எண்ணிக்கை கூடியது ஒரு காரணம். ஆனால் ஒரு தலைக்கு எவ்வளவு பொருள் காட்டுக்குள் இறங்குகிறது என்பது அதைவிட வேகமாகக் கூடியிருக்கிறது. பரிசல் எத்தனை ஓடியது, டிக்கெட் எத்தனை விற்றது என்பதைத்தான் எல்லோரும் பேசக் கேட்டிருக்கிறேன். பென்னாகரத்திலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை இறங்குகிறது, அதில் எத்தனை திரும்பி மேலே ஏறுகிறது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பன்னர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் யானைக் கூட்டம் வருவது ராகிக் கதிர் முற்றும் காலத்தில். பரண் மேல் இரவெல்லாம் விழித்திருக்கும் விவசாயிக்கு அது படம் பிடிக்கும் காட்சி இல்லை. காட்டுக்குள் யானைக்குப் புல் இருந்த இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. அழகுக்காகத் தோட்டத்தில் வைக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி அது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், கலாபகஸ் கொய்யாவைப் போலவே. நம் குன்றுகளில் தானாக விளைந்து கூடை கூடையாகச் சந்தைக்கு வரும் சீத்தாவும் அங்கிருந்து வந்ததுதான். வந்ததெல்லாம் கெடுதி என்று சொல்ல எனக்கு மனம் வராது. எது வரும்போது யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

கொரோனா காலத்தில் கலாபகஸுக்கு விமானம் நின்றது. வருமானம் ஒரே நாளில் வறண்டது. கைவிட்ட மேட்டுத் தோட்டங்களுக்குச் சில குடும்பங்கள் திரும்பிப் போய்க் காய்கறி போட்டன. மீனுக்குக் காய், காய்க்கு முட்டை என்று பண்டமாற்று நடந்தது. சுற்றுலா திரும்பியதும் பலர் மறுபடி கடற்கரைக்கு இறங்கிவிட்டார்கள். 2023-ல் வந்த கூட்டம் கொரோனாவுக்கு முந்தைய எந்த ஆண்டையும் விட அதிகம்.

ஒகேனக்கல்லில் மீன் பொரிக்கும் அக்காக்களுக்கும் அந்த ஆண்டு அடுப்பு எரியவில்லை. இப்போது மறுபடி எரிகிறது. போன முறை போனபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணெய் டின், மசாலாப் பொட்டலம், அரிசிச் சிப்பம், பிளாஸ்டிக் பூசிய தட்டுக் கட்டு, தண்ணீர் பாட்டில் அட்டைப்பெட்டி என்று எல்லாமே மேலேயிருந்து வேனில் வந்து இறங்கியவை. ஆற்றிலிருந்து வந்தது அந்த வாணலிக்குள் கிடந்த இரண்டு துண்டு மீன் மட்டும்தான். வேன் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி மலை ஏறியது.